பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் மாத்திரைகள்: ஆய்வில் சொல்லும் மாதங்கள் நிஜத்தில் கிடைக்கின்றனவா?

தாமிரபரணி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. சில வருஷம் முன்னால் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார்கள். இப்போது இடுப்பு வலி தாங்காமல் பெட் ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது என்று வந்திருக்கிறது. கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒன்றும் இல்லை. பயாப்சியில் ஈஆர் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத வகை). லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையோடு (ஹார்மோனைக் குறைப்பது), புற்றுநோய் செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் 125 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எலும்புக்கு ஊசி தனியாக.

டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது என்ன பேச முடியும்? "சராசரியாக இரண்டு வருஷம் வேலை செய்யும்" என்றார். வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்போ அம்மாவுக்கு இரண்டு வருஷம்தானா அக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த இரண்டு வருஷம் என்பது என்ன கணக்கு? வெளிநாட்டில் ஆய்வு செய்து சொன்னது நம் ஊர் அம்மாக்களுக்கும் பொருந்துமா? ஜெனரிக் மாத்திரை வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணிக்கை

தம்பியின் கேள்விக்கு முதலில்: இல்லை. அது ஆயுள் கணக்கே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. மருந்து ஆய்வுகளின் தரவைச் சரிபார்க்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது பலோமா-2 என்ற ஆய்விலிருந்து வரும் எண். மாதவிடாய் நின்ற 666 பெண்கள். ஒரு பிரிவுக்கு லெட்ரோசோலோடு பால்போசிக்லிப், இன்னொரு பிரிவுக்கு லெட்ரோசோலோடு வெற்று மாத்திரை. நோய் மேலும் வளராமல் அப்படியே கட்டுக்குள் இருந்த காலம் முதல் பிரிவில் 24.8 மாதம், இரண்டாவதில் 14.5 மாதம். அந்த 24.8தான் "இரண்டு வருஷம்". அதாவது இந்த ஒரு மருந்துச் சேர்க்கை வேலை செய்யும் காலம். அதன்பிறகு வேறு மருந்து இருக்கிறது, அதற்குப் பிறகும் இருக்கிறது. அதே ஆய்வில் ஆயுட்காலத்தின் நடுமதிப்பு நான்கரை வருஷத்தை ஒட்டி வந்தது.

இன்னொன்று, அது சராசரிகூட இல்லை, நடுமதிப்பு. பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப்பேருக்கு அதைவிட அதிகம். அதிகம் என்றால் ஐந்து, ஆறு வருஷம் அதே மாத்திரையில் இருப்பவர்களும் அந்தப் பாதிக்குள் வருகிறார்கள். அம்மாவுக்கு எலும்பில் மட்டும்தான் பரவியிருக்கிறது என்கிறீர்கள். பொதுவாக இப்படிப்பட்டவர்களுக்குக் கல்லீரலில் பரவியவர்களைவிட நீண்ட நாள் கட்டுக்குள் இருக்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. ஆய்வில் சேர்க்கும்போதே ஆளைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எழுந்து நடமாட வேண்டும். மாத்திரை இலவசமாக வரும், நாள் தவறினால் நர்ஸ் போன் செய்வார். நிஜத்தில் 78 வயதுப் பாட்டி இருக்கிறார், சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து இருக்கின்றன, மாதக் கடைசியில் கையில் காசு இல்லை.

அமெரிக்காவில் சாதாரணப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கணினிப் பதிவுகளை எடுத்து, 2015 முதல் சிகிச்சை தொடங்கிய 2,888 பேரைப் பார்த்தார்கள். பி-ரியாலிட்டி எக்ஸ் என்று பெயர், 2022ல் வெளியானது. அங்கே நோய் கட்டுக்குள் இருந்த காலம் 19.3 மாதம், ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 13.9. ஆயுட்காலம் 49.1 மாதத்துக்கு எதிராக 43.2. பலோமா-2 எண்ணைவிடக் குறைவு. ஆனால் பலன் காணாமல் போய்விடவில்லை. வெளியுலகில் கொஞ்சம் தேய்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பலோமா-2 ஆய்வின் கடைசி முடிவு 2022ல் வந்தபோது ஆயுட்காலம் 53.9, 51.2 என்று வந்தது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு "ஆயுள் கூடியது என்று நிரூபிக்க முடியவில்லை" என்கிறது, மருத்துவமனைப் பதிவு "கூடுகிறது" என்கிறது. பதிவுகளில் யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர்தான் தீர்மானிக்கிறார். ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும் என்று விட்டுவிடுவார்கள். அதைக் கணக்கில் சரிசெய்யப் பார்ப்பார்கள், முழுவதும் சரியாகாது. அந்தப் பதிவு ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் மருந்தைத் தயாரிக்கும் ஃபைசர்தான். மறுபக்கம், பலோமா-2 ஆய்விலும் நிறையப் பேர் பாதியில் தொடர்பு விட்டுப் போனார்கள், வெற்று மாத்திரைப் பிரிவில் இன்னும் அதிகம். அதனால் அந்த முடிவும் கொஞ்சம் கலங்கலானதுதான்.

மழைக்காலம்

தங்கச்சி, நான் பால்போசிக்லிப் வகையையே சேர்ந்த ரைபோசிக்லிப் எடுப்பவள். திருச்சி. நாற்பது தாண்டியதும் வந்தது, கண்டுபிடிக்கும்போதே நுரையீரலில் இருந்தது. எண்கள் எல்லாம் சார் சொல்லிவிட்டார், தினசரி எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

காலையில் சாப்பிட்டதும் மூன்று மாத்திரை, ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம். மூன்று வாரம் தொடர்ந்து, ஒரு வாரம் ஓய்வு. லெட்ரோசோல் மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. எனக்கு மாதவிடாய் நிற்கவில்லை என்பதால் 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில், சினைப்பையின் வேலையை நிறுத்தும் கோசரெலின் ஊசி. சின்ன அரிசி மணி மாதிரி மருந்தைத் தோலுக்கு அடியில் வைப்பார்கள், ஊசி தடியாக இருக்கும். ஐஸ் கட்டி வைத்துவிட்டுப் போட்டால் வலி பாதிதான். இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை, பக்கத்துப் படுக்கை அம்மா சொன்னார்.

தொடக்கத்தில் ஈசிஜி அடிக்கடி எடுப்பார்கள். இந்த மருந்து இதயத்தின் மின் ஓட்டத்தில் ஒரு இடைவெளியை நீட்டிவிடும், அதற்காக. அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் பால்போசிக்லிப்பில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும். நிச்சயம் குறையும், பயந்துவிடாதீர்கள்.

கீமோ மாதிரி முடி கொத்தாகக் கொட்டவில்லை. மெலிந்தது, அவ்வளவுதான். உடம்பு அசதிதான் பெரிய விஷயம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என்னால் ஒன்றும் முடியாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சமையல், துணி, வெளிவேலை எல்லாம் காலையிலேயே. ஸ்கூலில் கிளார்க் வேலையை விடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னைப் போல மாதவிடாய் நிற்காதவர்களுக்கென்றே செய்த மோனலீசா-7 ஆய்வில் ஆயுட்காலம் 58.7 மாதம், ரைபோசிக்லிப் இல்லாத பிரிவில் 48. அந்தத் தாளை என் டாக்டர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். நம் நாட்டில் வெளிநாட்டைவிட இளவயதிலேயே இந்த நோய் வருகிறது என்பதால், எங்களைப் போன்றவர்களைத் தனியாகப் பார்த்த ஆய்வு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!

கொங்குத்தேன்

மருந்துக் கடை வைத்திருக்கிறேன், ஈரோடு. ஜெனரிக் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

பால்போசிக்லிப் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்தது. அன்று முதல் நம் நாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. அதற்கு முன் மாதம் பல பத்தாயிரம் ஆன மருந்து சில ஆயிரத்துக்கு வந்துவிட்டது. எம்ஆர்பி ஒன்று போட்டிருக்கும், கடைக்குக் கடை கொடுக்கும் விலை வேறு. இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம். பெரிய கம்பெனிகளின் ஜெனரிக் வாங்கலாம். ஆனால் பில் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புற்றுநோய் மருந்தில் போலி வருகிறது. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பில்லில் இருக்க வேண்டும். ஒரே பிராண்டைத் தொடர்ந்து வாங்குவது நல்லது.

அம்மாவுக்குக் கொடுத்தது கேப்ஸ்யூலா மாத்திரையா என்று பாருங்கள். கேப்ஸ்யூல் என்றால் கட்டாயம் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. அதிலும் காலையில் எழுந்ததும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் போடும் பழக்கம் நம் வீடுகளில் எல்லாருக்கும் இருக்கிறது. அமிலம் குறைந்த வயிற்றில், அதுவும் வெறும் வயிற்றில், இந்தக் கேப்ஸ்யூல் பாதிகூடச் சேராது. என் கடைக்கு வந்த ஒரு ஐயா, மனைவிக்கு விடியற்காலையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்துவிடட்டும் என்று நினைத்திருக்கிறார், பாவம். மதியச் சாப்பாட்டுக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை வடிவம் என்றால் இந்தக் கவலை இல்லை.

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் வேண்டாம். சாத்துக்குடி சாப்பிடலாம். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், கிளாரித்ரோமைசின், வலிப்பு மருந்துகள் சில, இவை இந்த மருந்தின் அளவை ஏற்றியோ இறக்கியோ விடும். ஊர் டாக்டர் எது எழுதினாலும் "இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள்" என்று அட்டையைக் காட்டுங்கள். சொந்தக்காரர்கள் கொண்டு வரும் கஷாயம், பொடிக்கும் இதே விதிதான்.

தாமிரபரணி

எல்லாருக்கும் நன்றி. சாரின் பதிலைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். ராத்திரி போன் செய்து ரொம்ப நேரம் பேசினான்.

கொங்குத்தேன் அண்ணா, கேப்ஸ்யூல்தான். மதியச் சாப்பாட்டோடு மாற்றிக் கேட்டேன், சரி என்றார்கள்.

இப்போது புதுக் கவலை. முதல் சைக்கிள் (நான்கு வாரச் சுற்று) முடிந்து ரத்தம் பார்த்ததில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 780. அடுத்த சைக்கிளைத் தள்ளி வைத்துவிட்டார்கள், ஏறினதும் 100 மில்லிகிராமுக்குக் குறைத்துத் தருவார்களாம். அம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். டோஸ் குறைத்தால் மருந்து வேலை செய்யாதோ என்று பயமாக இருக்கிறது.

எண்ணிக்கை

வழக்கமான நடைமுறைதான். 1,000க்குக் கீழே இருந்தால் அடுத்த சுற்றைத் தொடங்க மாட்டார்கள். பலோமா-2 ஆய்விலேயே மூன்றில் இருவருக்கு நியூட்ரோஃபில் 1,000க்குக் கீழே இறங்கியது. மூன்றில் ஒருவருக்கு மேல் டோஸைக் குறைத்தார்கள். குறைத்தவர்களுக்குப் பலன் குறையவில்லை என்று அந்தத் தரவைத் திரும்ப அலசியபோது தெரிந்தது.

கீமோ எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்களைக் கொன்றுவிடும். இந்த மருந்து கொல்வதில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்குமுன் ஒரு கட்டத்தைத் தாண்ட வேண்டும், அதற்கு உதவும் இரண்டு புரதங்களைத் தடுக்கிறது. புற்றுநோய் செல் அங்கேயே நிற்கிறது, மஜ்ஜை செல்லும் கொஞ்சம் நிற்கிறது. மாத்திரையை நிறுத்தினால் மஜ்ஜை மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் எண்ணிக்கை இவ்வளவு இறங்கியும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான்.

வெளியுலகப் பலன் ஆய்வைவிடக் குறைவதற்கு டோஸ் குறைப்பைவிட வேறு காரணங்கள் இருக்கலாம். மருந்தை அடியோடு விட்டுவிடுவதும் அதில் ஒன்று. எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்துப் பயந்து வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது காசு தீர்ந்து இரண்டு மாதம் இடைவெளி விடுகிறார்கள்.

மழைக்காலம்

100.4க்கு மேல் காய்ச்சல் வந்தால் மட்டும் விடிய விடியக் காத்திருக்க வேண்டாம் தங்கச்சி, உடனே கிளம்புங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

வயல்வெளி

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன், மருத்துவமனை ஒன்றில் செவிலியர். இங்கே நடந்த சோனியா ஆய்வை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நிஜ வாழ்க்கைப் பலன் என்று பேசுகிறவர்கள் தவறவிடக் கூடாத ஆய்வு அது.

மருந்துக் கம்பெனி நடத்தியதில்லை. அரசு நிதியும் காப்பீட்டு நிறுவனங்களின் பணமும் சேர்த்து, இந்த நாட்டின் 74 மருத்துவமனைகளில், சாதாரணமாகச் சிகிச்சைக்கு வருகிற 1,050 பேரைச் சேர்த்தார்கள். கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த விலையுயர்ந்த மாத்திரையை முதலிலேயே கொடுக்க வேண்டுமா, அல்லது முதலில் ஹார்மோன் மாத்திரை மட்டும் கொடுத்து, அது பலிக்காமல் போகும்போது சேர்த்தால் போதுமா? எல்லாருக்கும் மருந்து உண்டு, வரிசைதான் வேறு.

முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் முதலிலேயே எடுத்தவர்களுக்கு 24.7 மாதம், ஹார்மோன் மட்டும் எடுத்தவர்களுக்கு 16.1. பலோமா-2 எண்ணோடு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். ஆனால் இரண்டு கட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 2023ல் சிகாகோவில் நடந்த ஆஸ்கோ புற்றுநோய் மாநாட்டில் சொன்னபோது 31 மாதமும் 26.8 மாதமும்தான். அந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. ஆயுட்காலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. வாழ்க்கைத் தரமும் இரு பக்கமும் ஒன்றுதான். முதலிலேயே எடுத்தவர்கள் 24.6 மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள், பிறகு எடுத்தவர்கள் 8.1 மாதம். கடுமையான பக்கவிளைவுகள் முதலிலேயே எடுத்தவர்களிடம் 2,763, பிறகு எடுத்தவர்களிடம் 1,591. கட்டுரை 2024 கடைசியில் நேச்சர் இதழில் வந்தது.

இங்கே எல்லாருக்கும் காப்பீடு இருக்கிறது, ஒருவர் வீட்டையும் விற்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாடே இதைக் கேட்டுப் பார்த்தது என்றால், கைக்காசு போட்டு வாங்கும் நம் மக்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்! எட்டு மாதத்துக்கு மட்டும் பணம் இருக்கும் குடும்பத்திடம் "இப்போதே ஆரம்பிக்காவிட்டால் போச்சு" என்று சொல்வது நியாயமில்லை.

எண்ணிக்கை

வயல்வெளி சொன்ன எண்கள் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவில் எனக்கு உடன்பாடு முழுமையாக இல்லை.

சோனியாவில் பத்தில் ஒன்பது பேர் எடுத்தது பால்போசிக்லிப். ஆயுட்காலம் கூடியதை நிரூபிக்காத மருந்து அதுதான். மோனலீசா-2 ஆய்வில் ரைபோசிக்லிப் எடுத்தவர்களுக்கு 63.9 மாதம், எடுக்காதவர்களுக்கு 51.4. முழுதாக ஒரு வருஷம். அதே சோனியாவை ரைபோசிக்லிப் வைத்துச் செய்திருந்தால் என்ன வந்திருக்கும்? அந்த ஆய்வு அதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிது. "பிறகு கொடுக்கலாம்" என்றால் அந்தப் பிறகு வர வேண்டும். நெதர்லாந்தில் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தவறாது. நோய் வளர்ந்தது தெரிந்த வாரமே அடுத்த மருந்து. நம் ஊரில் ஸ்கேனுக்கே காசு சேர்க்க வேண்டும். வலி வந்தபிறகு, மூச்சு வாங்கினபிறகுதான் வருகிறார்கள். அப்போது கல்லீரலில் நிறையப் பரவி, மாத்திரை கொடுக்கும் நிலையே தாண்டியிருக்கும். இரண்டாம் கட்டத்துக்கு உயிரோடும் தெம்போடும் வந்து சேர்கிறவர்கள் குறைந்துபோகிறார்கள். சோனியா முடிவை இங்கே அப்படியே பொருத்தினால், அந்த இடைவெளியில் விழுகிறவர்களை யார் எண்ணுவது?

வயல்வெளி

அதை ஒப்புக்கொள்கிறேன். கண்காணிப்பு இல்லாமல் தள்ளிப்போடுவது ஆபத்து. உறுப்புகளில் வேகமாகப் பரவுகிறவர்களுக்குத் தள்ளிப்போடவே கூடாது, சோனியாவும் அவர்களைச் சேர்க்கவில்லை. எலும்பில் மட்டும், மெதுவாக, ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்து வந்தவர்கள், ஸ்கேனுக்குத் தவறாமல் வரக்கூடியவர்கள், அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். தாமிரபரணியின் அம்மாவுக்கு ஏற்கெனவே தொடங்கியாயிற்று, மாத்திரையும் வாங்க முடிகிற விலையில் கிடைக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. பணம் போதாத குடும்பங்கள் டாக்டரிடம் "முதலில் ஹார்மோன் மட்டும் போதுமா?" என்று கேட்கலாம், கேட்பதில் குற்றம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நெய்தல்

விலை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் 2022ல் ஒரு வழக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. மாத வருமானம் 28,000 ரூபாய். மாதச் சிகிச்சைச் செலவு 63,480, அதில் ரைபோசிக்லிப்புக்கு மட்டும் 58,140. காப்புரிமை இருந்தாலும் கட்டாய உரிமம் கொடுத்து உள்நாட்டில் தயாரிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். வழக்கு முடிவதற்குள் அதே வருஷம் இறந்துபோனார். நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துத் தொடர்ந்தது.

இந்த இழையில் மாதங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மாத்திரை இருந்தும் கைக்கு எட்டாதவருக்கு எந்த ஆய்வின் எண்ணும் பொருந்தாது. அந்த அம்மாவின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. இந்தக் கோபம் எனக்கு அடங்கவே அடங்காது.

கொங்குத்தேன்

என் கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன். காப்பீடு இருப்பவர்களும் முழுதாகத் தப்புவதில்லை. சில பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குத் தராது. பாலிசித் தாளில் இதைத் தனியாகப் பாருங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். காப்புரிமை உள்ள மருந்துகளுக்குக் கம்பெனியின் உதவித் திட்டம் இருக்கும், சில மாதம் வாங்கினால் சில மாதம் இலவசம் என்று. டாக்டர் கையெழுத்து வேண்டும்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட அக்காவுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில வைத்தியம். டொக்டரைப் பார்க்கவும், ஊசி போடவும், ஒண்டுக்கும் காசில்லை. ஆனா 2022ல நாட்டில மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் வெளியில தேடி வாங்கச் சொல்லித் துண்டு தந்தவை. கனடாவில இருக்கிற மாமா காசு அனுப்பினவர், எண்டாலும் மருந்து கிடைக்க வேணுமே. எண்ணிக்கை ஐயா சொன்ன அந்த இடைவெளி எங்களுக்கு அப்பிடித்தான் வந்தது. உங்கட கதைகளை வாசிக்கிறன், எல்லாரும் சுகமா இருக்க வேணும்.

செம்பருத்தி

எனக்கு ஹெர்-2 பாசிட்டிவ், கல்லீரலில் பரவல். இந்த மாத்திரைகள் எனக்குப் பொருந்தாது என்று தெரியும். ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப், பெர்ட்டுசுமாப் இரண்டு ஊசியும் ஓடுகின்றன. அதற்கும் இப்படி எண்கள் இருக்கின்றனவா?

எண்ணிக்கை

இருக்கின்றன, ஒருவிதத்தில் இன்னும் நல்ல எண்கள். டிராஸ்டுசுமாப் வருவதற்கு முன் ஹெர்-2 பாசிட்டிவ் என்றாலே மோசமான வகை என்பார்கள். 2001ல் வெளியான முதல் பெரிய ஆய்வில் கீமோவோடு அதைச் சேர்த்தபோது ஆயுட்காலம் 20.3 மாதத்திலிருந்து 25.1 ஆனது. பெர்ட்டுசுமாப்பும் சேர்ந்த கிளியோபாட்ரா ஆய்வில், 808 பேரில், 56.5 மாதம். எட்டு வருஷம் கழித்தும் நூற்றுக்கு 37 பேர் உயிரோடு இருந்தார்கள், பெர்ட்டுசுமாப் இல்லாத பிரிவில் 23 பேர். பரவிய நோயில் இப்படி ஒரு எண்ணை நான் படித்த காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நம் நாட்டில் அது போய்ச் சேர்ந்த கதை வேறு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து 2011ல் வந்த ஒரு கட்டுரையில், தகுதி இருந்தும் ஹெர்-2 மருந்து கிடைத்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2014ல் இந்தியாவிலேயே தயாரித்த டிராஸ்டுசுமாப் வந்தபிறகு விலை மேலும் இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறார்களா? இதயத்தின் பம்ப் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

செம்பருத்தி

எடுக்கிறார்கள் சார். போன தடவை 60 சதவீதம். நன்றி, இந்த 37 என்ற எண்ணை இன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொல்லப்போகிறேன்.

மழைக்காலம்

எண்ணிக்கை சார், ஒரு கேள்வி. பால்போசிக்லிப்பைவிட ரைபோசிக்லிப் நல்லது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்லி, பால்போசிக்லிப் எடுக்கிறவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்கிறார்கள். நிஜப் பதிவுகள் என்ன சொல்கின்றன?

எண்ணிக்கை

இரண்டு விதமாகச் சொல்கின்றன. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவை வைத்துச் செய்த பி-வெரிஃபை, 2024 டிசம்பரில் வந்தது. பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், இதே வகையில் மூன்றாவதான அபெமாசிக்லிப், இந்த மூன்றுக்கும் ஆயுட்காலத்தில் வித்தியாசம் இல்லை என்றது. இதற்கும் பணம் ஃபைசர். இத்தாலியின் பால்மாரேஸ்-2 அதே வருஷம், ரைபோசிக்லிப்பிலும் அபெமாசிக்லிப்பிலும் நோய் கட்டுக்குள் இருக்கும் காலம் பால்போசிக்லிப்பைவிட நீளம் என்றது. இரண்டும் அளந்தது வேறு வேறு, ஒன்று ஆயுள், மற்றது நோய் வளராத காலம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ரைபோசிக்லிப்பின் பக்கம் ஆய்வு ஆதாரம் கூடுதல் என்று சொல்வேன். ஏற்கெனவே பால்போசிக்லிப்பில் நோய் அடங்கியிருப்பவர்கள் அழ வேண்டியதில்லை, மாற்றவும் வேண்டாம். வேலை செய்கிற மருந்தை விட்டு இன்னொன்றுக்கு ஓடச் சொல்லி எந்த ஆய்வும் சொல்லவில்லை.

தென்னந்தோப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சின்னம்மா பால்போசிக்லிப் எடுக்கிறார்கள். நாள்பட்ட இருமல் என்று ஊரில் காட்டியதில் டிபி என்று சொல்லி நேற்றுதான் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கொங்குத்தேன்

சேர்த்துச் சாப்பிடுவதற்கு முன் இன்றே புற்றுநோய் டாக்டரைக் கூப்பிடுங்கள். டிபி மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கும். அது கல்லீரலை வேகப்படுத்திப் பால்போசிக்லிப்பை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது மாதிரி ஆகிவிடும். அதற்காக டிபி மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று இரண்டு டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மருந்து அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் அளவும் தெரியும்படி போட்டோ எடுத்து இரண்டு டாக்டருக்கும் அனுப்புங்கள். போன் எடுக்கவில்லை என்றால் நேரில் போய்விடுங்கள்.